செயலிப் பொதியை ஆராய்தல்

போக்குவரத்து விதியை மீறியதற்காக அபராதம் விதிக்கப்பட்டிருப்பதாக வாட்ஸ்அப் வழியே ஒரு செய்தி வருகிறது. விவரம் அறிய இணைப்பிலுள்ள கோப்பைத் திறக்குமாறு அது கூறுகிறது. அக்கோப்பு ரசீது அன்று. ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி அளித்தால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடிக்காரரைச் சென்றடையும். பிரதமர் கிசான் திட்டத்தின் பெயராலும் வங்கிகளின் பெயராலும் இத்தகைய கோப்புகள் உலவியுள்ளன. பலர் தம் சேமிப்பை இழந்துள்ளனர். கோப்பை இயக்காமலேயே அதன் தன்மையை அறிய இயலுமா? பெருமளவுக்கு இயலும்.

ஏபிகே எனப்படும் செயலிப் பொதி உண்மையில் ஒரு ஜிப் கோப்பே ஆகும். அதன் முதலிரு எழுத்துகள் ‘பி’, ‘கே’ என்பன. 1989-இல் இம்முறையை வகுத்த பில் காட்ஸ் என்பாரின் பெயரெழுத்துகள் அவை. பொதியைப் பிரித்தால் நிரல், படங்கள், எழுத்துத் தொடர்கள், கையொப்பம் ஆகியவற்றோடு ‘மானிஃபெஸ்ட்’ என்னும் அறிவிப்பு ஏடும் கிடைக்கும். செயலியைப் பற்றிய தரவுகள், அதாவது மீத்தரவுகள், பெரும்பாலும் இவ்வேட்டிலேயே உள்ளன. இது இரும வடிவில் இருப்பதால் நேரே படிக்க இயலாது. ஏஏபிடி, ஏபிகேடூல் போன்ற கருவிகள் இதனைப் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றித் தருகின்றன.

பொதியின் தனிப்பெயர், பதிப்பு எண், தேவைப்படும் ஆண்ட்ராய்டின் குறைந்தபட்ச நிலை, கோரப்படும் அனுமதிகள், பின்னணியில் இயங்கும் பகுதிகள் ஆகியன இவ்வேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் இங்கு எழுப்ப வேண்டிய வினா எளியது: செயலி கூறும் நோக்கத்திற்கும் அது கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் உண்டா? அபராதம் செலுத்த உதவும் செயலிக்கு, வரும் குறுஞ்செய்திகளையெல்லாம் படிக்கவேண்டிய தேவை ஏது? மாற்றுத்திறனாளிகளுக்கென அமைந்த அணுகல் சேவையையும் அது கோருமானால் ஐயம் வலுப்பெறுகிறது. அச்சேவை திரையில் தோன்றுவதைப் படிக்கவும், பயனர் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் வல்லது.

அடுத்தது கையொப்பம். ஒவ்வொரு பொதியும் ஒரு சான்றிதழைக் கொண்டு கையொப்பமிடப்பட வேண்டும். ஆனால் அச்சான்றிதழை உருவாக்குபவர் தாமே வழங்கிக்கொள்ளலாம். அதில் எந்த வங்கியின் பெயரையும் எழுதிவிடலாம். ஆதலின் பெயரை நம்புவது பயனற்றது. சான்றிதழிலிருந்து கணிக்கப்படும் எஸ்எச்ஏ-256 மதிப்பை, வங்கியின் உண்மைச் செயலிக்குரிய மதிப்போடு ஒப்பிடுவதே சரியான சோதனை. ஒரே சான்றிதழ் வெவ்வேறு பெயருள்ள போலிச் செயலிகளில் காணப்படுமாயின், அவை ஒரே குழுவின் கைவரிசை எனக் கருத இடமுண்டு.

கோப்புகளின் தேதியோ பெரும்பாலும் உதவாது. தொகுப்புக் கருவிகள் 1980 அல்லது 1981 என ஒரே தேதியை இட்டுவிடுவது வழக்கம். ஆண்ட்ராய்டு கைபேசி விற்பனைக்கு வந்ததே 2008-இல்தான்!

மீத்தரவுக்கும் எல்லை உண்டு. செயலி எதைக் கேட்கிறது என்பதை அது சொல்லும். எதைச் செய்கிறது என்பதைச் சொல்லாது. வெளிப்பொதி குற்றமற்றதாகத் தோன்ற, தீய நிரலைப் பின்னர் இறக்கிக்கொள்ளும் செயலிகளும் உள்ளன. அவ்விடத்து ஜாடெக்ஸ் போன்ற கருவியால் நிரலையே மீட்டுப் படிக்கவேண்டும். திருடிய செய்திகள் எந்த முகவரிக்குச் செல்கின்றன என்பது சில வேளைகளில் அங்கே அப்படியே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது சட்டப்படி சரியா என்ற ஐயம் மாணவருக்கு எழலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற நிரலின் செயற்பாட்டைக் கூர்ந்து ஆராயவும், பிற நிரல்களோடு இணைந்தியங்கத் தேவையான விவரங்களைப் பெறவும் வரையறைக்குட்பட்டு இடமளிக்கிறது. புலனாய்வு அலுவலர் கவனிக்க வேண்டியது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அளிக்கும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பும் இடம்பெறுகிறது. எனவே அம்மதிப்பை முதலில் கணித்துக் குறித்துக்கொண்டு, நகலின் மீதே ஆய்வை நடத்தல் வேண்டும்.

பணத்தை இழந்தவர் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். கைபேசியின் இணையத் தொடர்பைத் துண்டிப்பதும் அவசியம். அச்சத்தால் பலர் கைபேசியையே முற்றிலும் வெறுமையாக்கிவிடுகின்றனர். அதனுடன், வந்த கோப்பும் அதிலிருந்த முகவரியும் அழிந்துபோகின்றன.