வில்லன் படையில் ஒரு டிப்பர் லாரி... சண்டைக்கு ஏங்கிய 'லாங் ஹால்'!

வில்லனின் கோட்டையைக் காட்டும் எந்தப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நூறு பேர் ஆயுதங்களோடு நிற்பார்கள். அந்த நூறு பேருக்கும் தோட்டா எங்கிருந்து வந்தது, அவ்வளவு பெரிய கோட்டையைக் கட்ட இரும்பும் சிமென்ட்டும் யார் ஏற்றி வந்தது என்ற கேள்வியே படத்தில் வராது. 1980-களில் குழந்தைகளுக்காக வந்த ஒரு பொம்மை வரிசை, அந்த வேலைக்கும் தனியாக ஓர் ஆளைப் போட்டது. அவன் பெயர் லாங் ஹால். நெடுந்தூரம் சரக்கு ஏற்றிச் செல்வது என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உலகத்தில் நல்லவர்கள் ஆட்டோபாட்கள், கெட்டவர்கள் டிசெப்டிகான்கள். இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். டிசெப்டிகான்களில் கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்று ஆறு பேர் கொண்ட ஒரு கட்டுமானக் கோஷ்டி உண்டு. பச்சையும் ஊதாவுமாக இருப்பார்கள். லோடராக மாறும் ஸ்க்ராப்பர், கிரேனாக மாறும் ஹுக், புல்டோசர் போன்க்ரஷர், பொக்லைன் ஸ்காவெஞ்சர், சிமென்ட் கலவை லாரி மிக்ஸ்மாஸ்டர். ஆறாவது ஆள், டிப்பர் லாரியான நம் லாங் ஹால். ஆறு பேரும் ஒன்றாகச் சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ராட்சத ரோபோ எழுந்து நிற்கும். பல ரோபோக்கள் இணைந்து ஒரே உடலாகும் கதை டிரான்ஸ்ஃபார்மர்ஸில் இவர்களிடம்தான் தொடங்கியது.

பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜாதகம்

அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டிகளின் பின்புறத்தில் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு ஜாதகமே அச்சாகியிருக்கும். பலம், அறிவு, வேகம், துணிச்சல், பதவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. வெறும் கண்ணால் பார்த்தால் கிறுக்கல் போலத் தெரியும். கூடவே வரும் சிவப்பு பிளாஸ்டிக் தாளை மேலே வைத்தால்தான் மதிப்பெண் தெரியும். அதன் பக்கத்திலேயே அந்த ரோபோவின் குணமும் நாலு வரியில் இருக்கும். ஆரம்பகால ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் புடியான்ஸ்கி.

லாங் ஹாலின் ஜாதகத்தில் 'பணி' என்ற இடத்தில் இருப்பது போக்குவரத்து. டிசெப்டிகான்கள் எங்கே எதைக் கட்டினாலும் அதற்கான பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பொறுப்பு. அந்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் அதே அட்டை சொல்லிவிடுகிறது. கவர்ச்சி இல்லாத வேலை, பேர் வாங்கித் தராத வேலை. அவன் மனசெல்லாம் போர்முனையில்தான். ஆனால் தான் சுமந்து வருவது இல்லாவிட்டால் படை நகராது என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுகிறான், இறக்குகிறான்.

பூமியை அழிக்க வந்த ரோபோவுக்கு, நம்மூரில் எத்தனையோ பேர் மாலையில் வீட்டுக்கு வந்து புலம்பும் அதே அலுப்பு! லேசர் துப்பாக்கியும் ஏவுகணையும் நிரம்பிய அந்தக் கூட்டத்தில் பெற்றோரும் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒரு பாத்திரம் இருக்கிறதென்றால், அது இவன்தான்.

சண்டையே சரக்குக்குத்தான்

இந்த அலுப்பு எவ்வளவு அநியாயமானது என்பது கார்ட்டூனை மறுபடி பார்த்தால் புரியும். 1984 செப்டம்பரில் ஒளிபரப்பான மூன்று பகுதித் தொடக்கக் கதையில், வில்லன் தலைவன் மெகட்ரானுக்கு வேண்டியதெல்லாம் எரிபொருள். அவர்களின் சொந்த கிரகமான சைபர்ட்ரான் சக்தி தீர்ந்து கிடக்கிறது. பூமியில் சக்தி கிடைக்கும் இடத்தையெல்லாம் கொள்ளையடித்து, 'எனர்ஜான்' கட்டிகளாக மாற்றி, விண்கலத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். அதற்காக எண்ணெய்க் கிணறு மேடையைத் தாக்குகிறார்கள். அணையைத் தாக்குகிறார்கள். பர்மாவின் மாணிக்கச் சுரங்கம் வரை போகிறார்கள்.

மெகட்ரானின் வீராவேசப் பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கதை முழுக்க ஒரு சரக்குப் பிரச்னைதான். இங்கே இருப்பதை அங்கே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட படையில் சரக்கு ஏற்றுபவன்தான் தன்னை மதிப்பில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிறான்.

எதிர்த் தரப்பைப் பாருங்கள். ஆட்டோபாட்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் என்னவாக மாறுகிறான்? சிவப்பு டிரெய்லர் லாரியாக. அவனே ஒரு சரக்கு வண்டி! ஜப்பானில் அவனுக்கு 'கான்வாய்' என்று பெயர். அணிவகுத்துச் செல்லும் வண்டிகளைக் குறிக்கும் சொல் அது. மெகட்ரானோ கைத்துப்பாக்கியாக மாறுகிறான். அதைப் பிடித்துச் சுட இன்னொருவன் வேண்டும். தானாக ஓர் அடி நகர முடியாது. ஒரு பக்கம் சுமப்பவன் தலைவனாகிறான். இன்னொரு பக்கம் சுடுபவன் தலைவனாகிறான், சுமப்பவன் மூலையில் நின்று முணுமுணுக்கிறான். பொம்மை நிறுவனம் யோசித்துச் செய்ததா, தற்செயலா... எப்படியிருந்தாலும் இரண்டு படைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

லாங் ஹால் பிறவியிலேயே வில்லனா என்று கேட்டால், கார்ட்டூனே மூன்று பதில் வைத்திருக்கிறது. இவர்கள் முதன்முதலில் வரும் 1984 டிசம்பர் அத்தியாயத்தில், பூமியில் ஒரு குகைக்குள் உருவாக்கப்பட்டவர்கள் என்கிறான் மெகட்ரான். அடுத்த வருடமே, சைபர்ட்ரானின் கிரிஸ்டல் சிட்டியில் நல்லவர்களாக வாழ்ந்தவர்கள், மெகட்ரான்தான் ஒரு இயந்திரத்தால் அவர்கள் மனதைப் பிடுங்கி மாற்றினான் என்று வேறு கதை வந்தது. 1986-ல் மெகட்ரானைக் கட்டியதே இவர்கள்தான் என்றார்கள். எதை நம்புவது என்று ரசிகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். இரண்டாவது கதைதான் மனதைத் தொடுகிறது. நகரத்தில் நண்பர்களோடு வாழ்ந்தவர்களே அந்த நகரத்தை இடித்துப்போடுகிறார்கள்.

நிஜப் போரின் லாரிகள்

சரக்கு ஏற்றுபவனின் ஏக்கம் பொம்மைப் பெட்டியில் மட்டும் இருந்ததில்லை.

1944 ஜூனில் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள், ஆகஸ்ட்டில் பிரான்ஸுக்குள் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் முன்னேறின. டாங்கிகள் ஓடின, பெட்ரோல் பின்னாலேயே வரவில்லை. ஜெர்மானியர்களைத் தடுப்பதற்காக பிரான்ஸின் ரயில் பாதைகளை நேச நாட்டு விமானங்களே குண்டு போட்டு உடைத்திருந்தன. மிச்சமிருந்த ஒரே வழி லாரி. ஆகஸ்ட் 25 அன்று 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' தொடங்கியது. போக ஒரு சாலை, திரும்ப ஒரு சாலை. பொதுமக்களின் வண்டிகளுக்கு இரண்டிலும் அனுமதி இல்லை. உச்சத்தில் சுமார் 6,000 லாரிகள், ஒரு நாளைக்கு 12,500 டன் வரை சரக்கு. இரவில் எதிரி விமானங்களுக்குத் தெரியாமலிருக்க முகப்பு விளக்கை மறைத்து, ஒரு கீற்று வெளிச்சத்தில் ஓட்டினார்கள். நவம்பர் 16 வரை அது ஓடியது.

அந்த ஓட்டுநர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையர் படை வேறு, கறுப்பர் படை வேறு. துப்பாக்கி ஏந்தும் பிரிவுகளில் கறுப்பினத்தவர்களுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். ஏற்றுவது, இறக்குவது, ஓட்டுவது, சமைப்பது போன்ற வேலைகளுக்கே பெரும்பாலும் அனுப்பினார்கள். தைரியம் இல்லாததால் கிடைத்த வேலையல்ல அது. தோலின் நிறத்தைப் பார்த்துக் கொடுத்த வேலை.

1944 டிசம்பரில் ஜெர்மனி திருப்பித் தாக்கியபோது, காலாட்படையில் ஆள் பற்றாக்குறை வந்தது. அப்போதுதான் சேவைப் பிரிவுகளில் இருந்த கறுப்பின வீரர்களிடம், 'போர்முனைக்கு யார் வருகிறீர்கள்?' என்று ராணுவம் கேட்டது. ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். 2,000-க்கும் அதிகமானோர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: சார்ஜென்ட் பதவியில் இருந்தவர்கள் அதை விட்டுக்கொடுத்து, சாதாரண சிப்பாயாகத்தான் வர வேண்டும். பலர் அதற்கும் சம்மதித்துப் போனார்கள்.

லாங் ஹால் வெறும் கற்பனை. அவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். அதிலும் நாஜிகளுக்கு எதிராக நின்றவர்கள். வில்லன் ரோபோவோடு அவர்களை ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் பொம்மை அட்டையில் நாலு வரியில் அச்சான அந்த ஏக்கத்தின் நிஜ எடை என்ன என்று அவர்கள் கதை காட்டுகிறது.

எடை தாங்காத ரயில்

டிசெப்டிகான்களிடம் சுமக்கும் ஆள் லாங் ஹால் ஒருவன் மட்டுமல்ல. டேங்கர் லாரியாகவும் விமானமாகவும் மாறி எரிபொருள் சுமப்பவன் ஆக்டேன். ரயில் இன்ஜினாகவும் விண்வெளி ஓடமாகவும் மாறி ஆட்களைச் சுமப்பவன் ஆஸ்ட்ரோடிரெயின். 1986-ல் வெளியான அனிமேஷன் படத்தில் கதையின் போக்கையே மாற்றுவது இந்த ஆஸ்ட்ரோடிரெயினின் ஒரு புகார்தான்.

ஆட்டோபாட் நகரத்தில் அடி வாங்கிய டிசெப்டிகான்கள், படுகாயமடைந்த மெகட்ரானோடு அவனுக்குள் ஏறித் தப்பிக்கிறார்கள். பாதி வழியில் அவன் சொல்கிறான், பாரம் அதிகம், இறக்காவிட்டால் ஊர் போய்ச் சேர முடியாது என்று. உள்ளே விவாதமெல்லாம் பெரிதாக நடக்கவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கி விண்வெளியில் எறிகிறார்கள். தலைமைப் பதவிக்காகக் காத்திருந்த ஸ்டார்ஸ்க்ரீம், மெகட்ரானையும் சேர்த்து எறிந்துவிடுகிறான். மிதந்துபோன மெகட்ரான், யூனிக்ரான் என்ற கிரகத் தின்னியிடம் சிக்கி, கால்வட்ரானாகப் புது உருவம் பெற்றுத் திரும்பி வருகிறான். முதல் வேலையாக ஸ்டார்ஸ்க்ரீமைச் சாம்பலாக்குகிறான். ஒரு வண்டி 'லோடு ஜாஸ்தி' என்று சொன்னதன் விளைவு இவ்வளவு.

இடுப்பு இல்லாமல் எப்படி நிற்பது?

லாங் ஹாலுக்கு அப்படியொரு பெரிய காட்சி அந்தக் காலத்தில் வாய்க்கவில்லை. ஆனால் டெவஸ்டேட்டரின் உடலில் அவனுக்குக் கிடைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கைகள் போன்க்ரஷரும் ஸ்காவெஞ்சரும், கால்கள் ஸ்க்ராப்பரும் மிக்ஸ்மாஸ்டரும், தலையும் மார்பும் ஹுக். லாங் ஹால் இடுப்பு. மேலே இருப்பவர்களின் பாரம் முழுக்க அவன் மேல்தான் இறங்குகிறது. உடலாக மாறிய பிறகும் அவனுக்குச் சுமக்கும் வேலையே!

1985-ல் இந்த ஆறு பொம்மைகளும் தனித்தனிப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. டெவஸ்டேட்டரை முழுமையாக்கத் தேவையான கூடுதல் பாகங்களையும் ஆறு பெட்டிகளிலும் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஐந்து வாங்கி ஒன்றை விட்டால் ராட்சதன் அரைகுறைதான். அப்பாவின் பர்ஸைக் குறிவைத்த வியாபாரத் தந்திரம் என்பதில் சந்தேகமில்லை. இந்த அச்சுகள்கூடப் புதியவை அல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனத்துடைய 'டயாக்லோன்' வரிசையில் ஏற்கெனவே வந்தவை. அங்கே இவை உயிருள்ள வில்லன்கள் இல்லை. உள்ளே குட்டி மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரங்கள். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கியபோதுதான் பெயரும் குணமும் மனக்குறையும் வந்து சேர்ந்தன.

டெவஸ்டேட்டரின் மூளைக்கும் ஒரு விநோதமான விதி உண்டு. ஆறு பேரின் மனமும் ஒன்றாகக் கலந்ததுதான் அவன் மனம். ஆறு பேரும் ஒத்துக்கொள்ளும் விஷயத்தை மட்டுமே அவனால் செய்ய முடியும். அதனால்தான் அவ்வளவு பெரிய உருவம் இருந்தும் யோசனையில் மந்தம். வேலையை வெறுக்கும் டிப்பர் லாரிக்கும் அங்கே கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமை இருக்கிறது.

2009-ல் மைக்கேல் பே இயக்கிய இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தில், லாங் ஹாலின் பழைய ஆசை ஒருவழியாக நிறைவேறியது. சுரங்கங்களில் ஓடும் பிரமாண்டமான பச்சை நிற கேட்டர்பில்லர் டம்ப் டிரக்காக வந்து, எகிப்துப் பாலைவனப் போரில் நேரடியாகவே இறங்கினான். டெவஸ்டேட்டர் பிரமிடு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது இவன் கீழே தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது எப்படி என்று ரசிகர்கள் அப்போதே கேட்டார்கள். போர்முனைக்கு வந்தாலும் வசனமோ குணமோ அங்கே அவனுக்கு இல்லை. துப்பாக்கியோடு ஓடிவரும் கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான்.

2015-ல் ஹாஸ்ப்ரோ டெவஸ்டேட்டரை 18 அங்குல உயரத்தில் புதிதாகக் கொண்டுவந்தது. கைகால் மூட்டுகள் எல்லாம் மாறியிருந்தன. லாங் ஹால் மட்டும் அதே டிப்பர் லாரி, அதே இடுப்பு.