பட்டம் யாருக்கு? ‘பொன்னியின் செல்வ’னின் கடைசிப் பாகம் குறித்து

‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகத்தை நான் முடித்தது கும்மிடிப்பூண்டி லோக்கலில், நைட் ஷிப்ட் முடிந்து மீஞ்சூர் திரும்புகையில். எனக்கு முன்பே அதைப் படித்துவிட்டிருந்த சக தொழிலாளி, பொன்னேரி வரும்போது கேட்டார்: “என்னங்க, இவ்ளோ தூரம் இழுத்துக்கிட்டு வந்து பட்டத்த வேற ஆளுக்குக் கட்டிட்டாரே?”

இந்தக் கேள்வியை வாசக அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1950இலிருந்து 1954வரை ‘கல்கி’யில் வாரந்தோறும் வந்த தொடர் அது. கதையை நகர்த்தும் குறியீடுகளில் ஒன்றாகப் புதிரைச் சொல்கிறார் ரோலான் பார்த்: கேள்வியை எழுப்புவதும் விடையைத் தள்ளிப்போடுவதும். தொடர்கதைக்குத் தள்ளிப்போடுதலே மூலதனம். வாராவாரம் வாசகனிடம் கைமாத்து வாங்கிக்கொண்டே போகிறது. கடைசிப் பாகத்தில் அசலும் வட்டியும் சேர்ந்து நிற்கின்றன. முழுசாக அடைத்தவர் யாருமில்லை.

கல்கியும் அடைக்கவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புள்ளவர்களை உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. நாவலோ கொன்ற கை எது என்பதை இருட்டிலேயே வைத்துவிடுகிறது. வாசகர்களின் அதிருப்தி அவருக்கும் எட்டியது. முழுக் கற்பனைக் கதையைப் போலச் சரித்திர நாவலை முடித்துக்கட்ட முடியாது என்று முடிவுரையில் வாதிடுகிறார். அதே கையோடு, பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறார். பிரதிக்குள் மறுத்ததைப் பிரதிக்கு வெளியே கொடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பட்டம் விஷயம் வேறு. இங்கே வாசக எதிர்பார்ப்பு தற்செயலாக ஏமாறவில்லை, திட்டமிட்டு மறுக்கப்படுகிறது. எல்லோரும் யாருக்காகக் காத்திருந்தார்களோ அவனே மகுடத்தை எடுத்துச் சிற்றப்பன் தலையில் வைக்கிறான். ‘தியாகச் சிகரம்’ என்ற பெயருக்கு அர்த்தமே இதுதான். புதிர் என்ற அளவில் கடைசிப் பாகம் தோற்கிறது. இந்த மறுப்பில் ஜெயிக்கிறது. பட்டாபிஷேகத்தோடு முடிந்திருந்தால் இன்னொரு ராஜா கதையாகப் போயிருக்கும்.

இருந்தும் ஒரு நெருடல். இந்தத் தியாகத்துக்குச் சான்று எங்கள் மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இருக்கிறது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரசை மனதாலும் விரும்பவில்லை என்கின்றன அவை. வெளியிட்டவன் அவன் மகன் ராஜேந்திரன். அதாவது 985இல் அரியணை கைக்கு வந்து, அது மகனுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு எழுதப்பட்ட தியாகம். வென்றவர்களின் கதையாடல் இது. கல்கி இதைச் சந்தேகிக்கவில்லை, சிகரமாக்கிவிட்டார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு கம்பெனியில் அவர் 11 வருஷம் காண்ட்ராக்ட். பெர்மனென்ட் லிஸ்ட் வந்தபோது அவர் இடத்தில் வேறு பெயர் இருந்தது.

“கையில இருக்கிறத விட்டுக்கொடுத்தா தியாகம். எனக்கு எடுத்துக்கிட்டாங்க. அத எந்தச் செப்பேட்டுலங்க எழுதுவாங்க?” என்றார்.

நாவலின் முடிவு எதிர்பார்ப்பைப் பூர்த்திசெய்கிறதா என்று கேட்கும்போது, யாருடைய எதிர்பார்ப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மகுடம் உள்ளவன்தான் அதைத் துறக்க முடியும். காத்திருந்தவனுக்கு ஐந்தாம் பாகத்தில் இடமில்லை.