பாலைவனப் பல்லிக்கும் வெறும் மணல் ஆகாது: ஊர்வன வளர்க்கும் கூட்டின் தரையை எப்படித் தெரிவு செய்வது?

புலம்பெயர் நாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது நாய், பூனை கேட்பதில்லை. பல்லி, பாம்பு, ஆமை கேட்கிறார்கள். தொடர்மாடி வீட்டில் நாய் வளர்க்க அனுமதி கிடைப்பது கடினம். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் பல்லி சத்தம் போடாது, மயிர் கொட்டாது. சுவரில் ஓடிய பல்லியைத் தும்புத்தடியால் விரட்டிய அம்மம்மாவுக்கு இது விளங்காத ஆசைதான். ஆனாலும் பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளை அதைத்தான் கேட்கிறது.

கடைக்காரர் கூடு, விளக்கு, தண்ணீர்ச் சட்டி எல்லாவற்றோடும் ஒரு பை நிற மணலையும் தந்துவிடுகிறார். பிழை பெரும்பாலும் அந்தப் பையில்தான் தொடங்குகிறது. நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடிய ஒரு பிராணி, தரை பிழைத்ததால் சில மாதங்களிலேயே நோயில் விழக்கூடும்.

தரை வெறும் அலங்காரம் அல்ல

ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமாக உண்டாக்குவதில்லை. சூட்டையும் குளிரையும் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகின்றன. நாள் முழுவதும் வயிறு தரையோடு ஒட்டியிருக்கிறது. கூட்டுக்குள் ஈரப்பதன் நிற்பதும், தோல் ஒழுங்காக உரிவதும், கால் வழுக்காமல் நடப்பதும், தோண்டி ஒளிவதும் அந்தத் தரையில்தான் தங்கியிருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எது அழகு?' என்பதல்ல, 'இந்தப் பிராணியின் சொந்த நிலம் எப்படிப்பட்டது?' என்பதே.

மணலில் என்ன ஆபத்து?

கடைகளில் அதிகம் விற்கப்படும் லெப்பர்ட் கெக்கோ என்ற சிறுத்தைப் பல்லியை எடுத்துக்கொள்வோம். அதன் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா. வறண்ட நிலம்தான்; ஆனால் மணல்மேடு அல்ல. இறுகிய களிமண்ணும் கற்களும் நிறைந்த தரை. பகலில் பாறை வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இருட்டியதும் இரை தேடும்.

வெறும் மணலில் வெட்டுக்கிளியைக் கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகிறது. நல்ல சூடும் தண்ணீரும் கிடைக்கும் ஆரோக்கியமான பெரிய பல்லி, சிறிதளவு மணலை மலத்தோடு வெளியேற்றிவிடும். குட்டி என்றாலோ, கூட்டில் சூடு போதாவிட்டாலோ, உடலில் நீரோ கல்சியமோ குறைந்திருந்தாலோ மணல் குடலில் தேங்கி அடைத்துவிடுகிறது. பல நாட்களாக மலம் கழிக்காமை, சாப்பிட மறுத்தல், வயிறு வீங்குதல், பின்னங்காலை இழுத்து நடத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஊர்வனவற்றுக்குப் பழகிய மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

'கல்சியம் மணல், சமித்துவிடும்' என்று எழுதியிருக்கும் பைகளையும் நம்ப வேண்டாம். கல்சியம் குறைந்த பல்லி அதை வேண்டுமென்றே நக்கித் தின்னும். அந்தச் சுண்ணாம்பு வயிற்று அமிலத்தைத் தணித்துச் சமிபாட்டைக் கெடுக்கும். வால்நட் கோதுத் துகள் இன்னும் மோசம். அதன் கூரான விளிம்புகள் குடலைக் காயப்படுத்தக்கூடும்.

எதைப் போடலாம்?

குட்டிக்கும், புதிதாக வாங்கியதற்கும், நோயுற்றதற்கும் சமையலறைக் கடதாசியே போதும். பார்வைக்கு ஏழ்மையாகத் தெரிந்தாலும், மலம் எப்படிப் போகிறது என்பதை உடனே காட்டிக்கொடுப்பது அதுதான்.

வளர்ந்த சிறுத்தைப் பல்லிக்குச் சொரசொரப்பான தரையோடு நல்லது. அல்லது உரம் கலக்காத தோட்டமண் ஏழு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து, நனைத்து, அமுக்கி, முற்றாகக் காயவிடலாம். அது இறுகி, சொந்த நிலத்தின் தரையைப் போல ஆகிவிடும். கூட்டின் ஒரு மூலையில் ஈரப்பாசி வைத்த சிறு பெட்டியும் வேண்டும். ஈரம் போதாவிட்டால் உரியாத தோல் விரல்களில் வளையம்போல் இறுகி, இரத்தவோட்டத்தை நிறுத்தி, விரல்களையே இழக்கச் செய்யும்.

தாடி ஓணான் என்று சொல்லக்கூடிய பியர்டட் டிராகனின் தாயகம் அவுஸ்திரேலியாவின் உட்பகுதி. அதற்கும் இதே இறுகிய மண் கலவை பொருந்தும். அவுஸ்திரேலியா தன் காட்டுயிர்களைச் செல்லப்பிராணி வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. கடைகளில் இருப்பவை வெளிநாடுகளில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவை. எங்கே பிறந்தாலும் அவற்றின் உடல் கேட்பது அந்தப் பழைய நிலத்தைத்தான்.

பாம்புக்கு எங்கள் ஊர்த் தும்பு

மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த போல் பைத்தன் என்ற மலைப்பாம்பு, எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்குவது. அதற்கு ஈரப்பதன் தேவை. கடதாசியில் ஈரம் நிற்காது. இங்கே தென்னந்தும்புத் தூள் நன்றாக உதவும். உலகச் சந்தைக்கு இதை அனுப்பும் முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. ரொறன்ரோவில் ஒரு பாம்பின் வயிற்றுக்குக் கீழே கிடப்பது எங்கள் நாட்டுத் தேங்காயின் தும்பாகவும் இருக்கலாம்.

தும்புக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பரப்ப வேண்டும். அதிகம் நனைந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும். முற்றாகக் காய்ந்தால் தூசு பறந்து கண்ணையும் மூச்சையும் உறுத்தும்.

தென்கிழக்கு அமெரிக்காவின் கோர்ண் ஸ்னேக் என்ற பாம்புக்கு அஸ்பென் மரச்சீவல் ஏற்றது. ஆனால் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சீடர் மரச்சீவலை எந்த ஊர்வனவுக்கும் போடக்கூடாது, பைன் சீவலையும் தவிர்ப்பது நல்லது. மணமாக இருப்பதற்குக் காரணமான எண்ணெய்களே மூச்சுத்தொகுதியைப் பாதிக்கின்றன.

ஆமை வளர்ப்போர் மண்ணை ஆழமாகப் போட்டு, அடிப்பகுதியைச் சற்று ஈரமாக வைக்க வேண்டும். ஆபிரிக்க சுல்காட்டா ஆமைகளை வைத்து ஒஸ்ரியாவில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு, ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்து வளர்வதற்கு வறண்ட சூழல் முக்கிய காரணம் என்று காட்டியது. உணவில் புரதம் கூடியதுதான் காரணம் என்றே அதற்கு முன் பலர் நினைத்திருந்தனர்.

சூடும் சுத்தமும்

கூட்டின் அடியில் சூட்டு விரிப்பு வைத்தால், அதன்மேல் மண்ணைத் தடிப்பாகக் குவிக்கக்கூடாது. மேலே சூடு வராது. பிராணி தோண்டிக் கீழே போனால் வயிறு வெந்துவிடும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் தேவை.

ஆரோக்கியமாகத் தோன்றும் ஊர்வனவின் மலத்திலும் சல்மோனெல்லா பக்ரீரியா இருக்கலாம். பிள்ளைகளுக்கு இது தொற்றியதால்தான் அமெரிக்கா 1975 இல், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. மலத்தை அன்றன்றே அகற்றுங்கள். கடதாசியை அழுக்கானவுடன் மாற்றுங்கள். கூட்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

ஊரில் இருப்போருக்கு

இதைப் படித்துவிட்டு வளவில் கண்ட ஆமையையோ பற்றைக்குள் கண்ட பாம்பையோ பிடித்து வளர்க்க நினைக்க வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உள்நாட்டு ஊர்வன பலவற்றைப் பாதுகாக்கிறது. உலர் வலயத்தில் வாழும் நட்சத்திர ஆமையும் அவற்றுள் ஒன்று. 2019 இல் அதன் சர்வதேச வணிகமும் உச்சக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பொருத்தமான தரை அது நடந்துகொண்டிருக்கும் மண்தான், அங்கேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பிராணி எந்த நாட்டைச் சேர்ந்தது, அங்கே என்ன மண், எவ்வளவு ஈரம் என்று தேடிப் பாருங்கள். பதில் கிடைக்கும்வரை கூட்டுக்குள் சமையலறைக் கடதாசி இருக்கட்டும். நிற மணல் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.