பக்குவம் செய்த நாரே பிசினில் பற்றும்

கோரா நூலை அப்படியே சாயத்தொட்டியில் முக்கினால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும் என்பதை நெசவாள அங்கத்தினர் எவருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருத்தியின் மேல் இயற்கையாகப் படிந்துள்ள மெழுகு நீரை உள்ளே விடுவதில்லை. ஆகவே முதலில் காரம் சேர்த்த நீரில் நூலை வேகவைத்து, அலசி, அதன் பின்னரே சாயம் ஏற்றுகின்றோம். இந்தச் சிறிய உண்மையை மனத்திற் கொண்டால், வாழை நாரும் கற்றாழை நாரும் பிளாஸ்டிக்குடன் சேர்ந்து உறுதியான பலகையாவது எங்ஙனம் என்பதும், சில வேளைகளில் ஆகாமற் போவது ஏன் என்பதும் எளிதில் விளங்கும்.

இத்தொழில் புதியதன்று. கிழக்கு ஜெர்மனியில் 1957-இல் தொடங்கி 1991 வரை உற்பத்தியான டிராபன்ட் என்னும் சிறிய காரின் மேற்கூட்டுத் தகடுகள், பருத்திக் கழிவைப் பீனால் பிசினுடன் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யப்பட்டவை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் விளையும் அபாகா நமது வாழையின் நெருங்கிய இனம். அதன் நார் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்குடன் கலக்கப்பெற்று, 2005-ஆம் ஆண்டளவில் மெர்சிடிஸ் கார் ஒன்றின் உபரிச் சக்கரக் குழிக்கு மூடியாயிற்று. கண்ணாடி இழை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் எடையுள்ளது. கற்றாழை நாரோ 1.5 கிராமுக்கு மேற்படாது. எடை குறைந்தால் வண்டிக்கு எரிபொருட் செலவும் குறையும். ஆலைகள் நாரைத் தேடி வருவதற்கு இஃது ஒரு காரணம்.

ஆயினும் தேடி வந்தவர் திரும்பிப் போவதும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நமது சரகத்துச் சங்கம் ஒன்று, அங்கத்தினரிடம் திரட்டிய வாழை நாரைப் பலகை செய்யும் ஆலை ஒன்றுக்கு அனுப்பிற்று. இருப்பைத் தணிக்கை செய்த நாம், சிப்பங்களைக் கையால் தொட்டுப் பார்த்தே, 'நார் உலர்ந்துள்ளது' என்று பதிவேட்டில் குறித்தோம். பத்தே நாட்களில் சரக்கு திரும்பி வந்தது. அழுத்திய பலகைகள் கொப்புளம் கண்டன என்றும், வளைத்தவுடன் நார் பிசினை விட்டு உருவிக்கொண்டது என்றும் ஆலையார் எழுதியிருந்தனர். லாரி வாடகை சங்கத்தின் தலையில் விழுந்தது. வாங்குவோரின் சூது இது என்று அங்கத்தினர் சினந்தனர்; நாமும் அவ்வாறே எண்ணினோம். விசாரித்து அறிந்தபோது குறை நம்முடையதே என்பது தெளிவாயிற்று.

முதற் குறை ஈரம். இயற்கை நார் எதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வழக்கமான காற்றீரத்தில் பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீதமும், சணல் 13.75 சதவீதமும் நீரை ஏற்கும் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் நாரிலும் இந்நீர் மறைந்திருக்கும். சூட்டில் அழுத்துங்கால் அது நீராவியாகிப் பலகையினுள் கொப்புளம் எழுப்பும்.

இரண்டாவது குறை நாரின் மேற்பரப்பு. நாரின் உடலான செல்லுலோஸ் நீரை விரும்புவது. பிளாஸ்டிக்கோ நீரை வெறுப்பது. இவ்விரண்டும் தாமாக ஒட்டுதல் அரிது. போதாக்குறைக்கு மெழுகும், பெக்டின் என்னும் பசையும், சோறும் நாரின் மேல் போர்த்தி நிற்கின்றன. பிசின் அப்போர்வையின் மீது ஒட்டுமேயன்றி நாரின் மீது ஒட்டாது. போர்வை கழன்றால் பிசினும் உடன் கழன்றுவிடும்.

இதற்கு மாற்று நெசவாளர் அறிந்த காஸ்டிக் சோடாவே. மெர்சரைஸ்டு நூலுக்குப் பெயர் தந்த ஆங்கிலேயர் ஜான் மெர்சர், பருத்தியைக் காரத்தில் தோய்க்கும் முறைக்கு 1850-இல் காப்புரிமை பெற்றார். நாருக்கு அத்துணைக் கடுங்காரம் வேண்டா. பரிசோதனைச் சாலைகளில் பெரும்பாலும் 5 சதவீத அளவே, அதாவது 10 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய அரை கிலோ, கையாளப்படுகிறது. அதில் ஊறிய நார் மெழுகை இழந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகி, பிசினுக்குப் பிடிப்புத் தருகிறது. பின்னர்க் காரம் அறவே நீங்கும்படி அலசி, இறுதி நீரில் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்து, நன்கு உலர்த்த வேண்டும்.

இங்கே எச்சரிக்கையும் அவசியம். காரம் மிகினும், நேரம் மிகினும் நாரே நலிந்துவிடும். தேங்காய் நாரில் மரப்பொருளாகிய லிக்னின் மிகுதி. வாழை நாரில் குறைவு. ஆகவே ஒன்றுக்குரிய அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. சோடாவை நீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றிச் சோடாவின் மீது நீரை ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் இன்றி எவரும் தொட்டியருகே நிற்கக் கூடாது. அலுமினியப் பாத்திரம் உதவாது. காரம் அதனை அரித்துவிடும். கழிவு நீரை வாய்க்காலில் விடுதலும் தகாது. நொய்யலாறு கெட்டதன் விளைவாக, 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை நாம் மறத்தலாகாது.

நெசவாளருக்கும் இதில் கடமை உண்டு. பிசினில் தோய்க்கும் துணிக்குக் கஞ்சி பகை. பாவுக்கு இட்ட கஞ்சியை முற்றும் நீக்கியே துணியைத் தரவேண்டும். முறுக்கு மிகுந்த நூலினுள் பிசின் புகாது. ஆதலால் நெய்வதற்குப் போதிய அளவு முறுக்கே நன்று.

திரும்பி வந்த அச்சரக்கை அச்சங்கம் கயிற்றுக்கு விற்றுத் தீர்த்தது. பின்னர் நிர்வாகக் குழுவினர் ஒரு நல்ல தராசும் சிறிய உலர்த்து அடுப்பும் வாங்கினர். இப்பொழுது ஒவ்வொரு சிப்பத்திலிருந்தும் 100 கிராம் நார் எடுத்து, 105 டிகிரி சூட்டில் எடை மாறாத வரை உலர்த்தி, குறைந்த எடையைப் பதிவேட்டில் எழுதுகின்றனர். நாமும் தணிக்கையில் கையை நம்புவதில்லை, அப்பதிவேட்டையே கேட்கின்றோம்.

மற்றச் சங்கத்தாருக்கும் நாம் கூறுவது இதுவே. எடையை மட்டும் பார்த்து நாருக்கு விலை கேட்கும் காலம் இத்தொழிலில் இல்லை. சிப்பத்துக்குச் சிப்பம் மாறாத தரத்துக்கே விலை. வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி வைத்தால் வீட்டுக்கு வீடு ஒரு தரமாகும்; சங்கத்தில் ஒரே தொட்டியும் ஒரே அளவும் இருத்தல் நன்று. அதையும் முதலில் வாங்கிவிட வேண்டா. எவ்வளவு ஈரம், என்ன பக்குவம், பக்குவம் செய்த நாருக்குக் கூடுதல் விலை என்ன என்பவற்றை வாங்குவோரிடம் எழுத்தில் பெற்று, மாதிரி அனுப்பி ஒப்புதல் வந்த பின்னரே காரத்துக்குப் பணம் செலவிடுக. ஈரம் போக்கும் வேலைக்கோ எவருடைய ஒப்புதலும் வேண்டுவதில்லை. அதனை நாளையே தொடங்கலாம்.