படத்தைப் பார்த்துப் பதில் சொல்வது யார்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் தயாராகும் வெள்ளிக் கொலுசைப் படம் எடுப்பது கைதேர்ந்தவருக்கே வேர்க்கவைக்கும் வேலை. மெருகிட்ட வெள்ளி, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். கூரையில் எரியும் டியூப் லைட், மேலே நீட்டிய செல்போன், படம் எடுப்பவரின் சிவப்புச் சட்டை எல்லாம் கொலுசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் நேராக விழும் கண்ணி வெளுத்துப் போகும். அதற்கு அடுத்த கண்ணி கறுத்துப் போகும். பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த டிசைன், படத்தில் ஏதோ அலுமினியக் கம்பியாகத் தெரியும்.

முன்பெல்லாம் சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியூர்க் கடைகளில் ஏறி இறங்கித்தான் ஆர்டர் பிடித்தார்கள். இப்போது கடைக்காரர் முதலில் கேட்பது, "டிசைனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்பதுதான். பட்டறைக்காரரின் மகனோ மகளோ போனில் "போட்டோ எடுப்பது எப்படி" என்று ஒருமுறை தேடிவிட்டால் போதும்; வீட்டிலிருந்தபடியே டிப்ளமோ, சில வாரங்களில் புரொபஷனல், முடித்தால் சான்றிதழ் என்று விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். கட்டணம் ஆயிரங்களில் இருக்கும். கட்டலாமா, வேண்டாமா என்ற பேச்சு அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அந்த வீட்டில் ஆரம்பித்திருக்கும்.

வீட்டிலிருந்தபடியே படிக்கும் இந்தக் கோர்ஸும் ஒருவகை அஞ்சல்வழிப் படிப்புதான். அஞ்சல்வழிப் படிப்பு என்றால் தமிழ்நாட்டில் ஒரு மரியாதை உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் 1971லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981லும் அதைத் தொடங்கின. மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், மண்டியில் கணக்கு எழுதியவர்கள், குழந்தை வளர்த்துக்கொண்டிருந்த பெண்கள் என ஏராளமானோர் தபாலில் வந்த பாடப் புத்தகங்களைப் படித்தே பட்டதாரி ஆனார்கள். அந்த நம்பிக்கை உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை. ஆனால் பி.காம். படிப்புக்கும் போட்டோகிராபிக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பி.காம். மாணவரின் விடைத்தாளைக் கடைசியில் யாரோ ஒருவர் கட்டாயம் திருத்துவார். போட்டோகிராபி மாணவரின் படத்தை யார் திருத்துவார்? கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்வி முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த மண்ணில் போட்டோகிராபி முதலில் நேரடியாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியில் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே போட்டோகிராபியும் பாடமானது. 1856இல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரிக்கு, படம் எடுப்பதோடு அங்கே மாணவர்களைப் பழக்கும் வேலையும் இருந்தது. சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று: ட்ரைப் 1858இல் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று, ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் காட்டுவது. மெழுகேற்றிய காகித நெகட்டிவில் எடுத்த படங்கள் அவை. பின்னர் கவர்னர் சார்லஸ் ட்ரெவல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தப் பதவிக்கே மூடுவிழா நடத்திவிட்டார்.

தபால்வழிக் கல்வியைப் பெரிய தொழிலாக்கியது அமெரிக்கா. பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகரத்தில் 1891இல் சுரங்கத் தொழிலாளிகளுக்காகத் தொடங்கிய அஞ்சல் பள்ளி, பல தொழில்களுக்கும் பாடம் அனுப்பும் நிறுவனமாக வளர்ந்தது. 1910இல் தொடங்கிய நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் போட்டோகிராபி, பின்னாளில் தபால்வழிப் போட்டோகிராபிக்கே பெயர்போனதாயிற்று. மாணவர் வீட்டுப்பாடப் படங்களை அனுப்புவார். ஆசிரியர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சம் கெட்டது, எதை வெட்டியிருக்கலாம் என்று பேசி கேசட்டில் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். மாணவர் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்கலாம். பாடப் புத்தகம் எந்த நூலகத்திலும் கிடைக்கும். அந்தக் குரல் கிடைக்காது. கட்டிய பணத்துக்குரிய சரக்கு அதுதான்.

அதே அமெரிக்காவில் இன்னொரு கதையும் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில், பிரபல ஓவியர்களின் பெயரில் 1948இல் தொடங்கிய அஞ்சல் பள்ளிக்கு, 1960களில் எழுத்தாளர் பள்ளி, போட்டோகிராபர் பள்ளி என்று கிளைகள் முளைத்தன. போட்டோகிராபர் பள்ளியின் விளம்பரத்தில் ரிச்சர்ட் அவெடன், இர்விங் பென், ஆல்பிரட் ஐசன்ஸ்டாட் போன்ற பெரும் பெயர்கள் ஜொலித்தன. எழுத்தாளர் பள்ளியை ஆராய்ந்து ஜெசிகா மிட்ஃபோர்ட் என்ற பத்திரிகையாளர் 1970 ஜூலையில் 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். விளம்பரத்தில் சிரிக்கும் பிரபலங்கள் மாணவர்களின் தாளைத் தொடுவதே இல்லை. சேருகிறவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நின்றவர்கள் கட்டிய பணத்தில்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது என்று போட்டு உடைத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனம் திவால் மனு கொடுக்க நேர்ந்தது.

ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. பணத்தை முதலிலேயே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் எந்தப் படிப்பிலும், பாதியில் விடும் மாணவர்தான் நிறுவனத்துக்கு அதிக லாபம். அவருக்காக யாரும் உட்கார்ந்து படம் திருத்த வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் இணையத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்த இருவர் 2019இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினார்கள். ஆனால் சான்றிதழுக்கென்று பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். ஏற்கெனவே உறுதியாக இருப்பவர்தான் பணம் கட்டுகிறார் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் கைக்காசு போட்டால்தான் கேமராவைத் தொடுவேன் என்கிற ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவருக்குக் கட்டணம் ஒரு கடிவாளம். அதைத் தண்டச் செலவு என்று ஒதுக்க முடியாது.

வெறும் பாடத்துக்கு மட்டும் பணம் என்றால் இன்று அது தேவையே இல்லை. ஸ்டான்போர்டு பேராசிரியர் மார்க் லெவாய் 2016இல் கூகுள் நிறுவனத்தில் நடத்திய டிஜிட்டல் போட்டோகிராபி வகுப்புகள் 18ம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அப்பர்ச்சர், ஷட்டர், லென்ஸ், சென்சார் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொல்லும் கட்டணப் படிப்புகள் குறைவு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் கோர்செரா தளத்தில் பாடம் வைத்திருக்கின்றன. குறை ஒன்றுதான்: எல்லாம் ஆங்கிலம். தமிழில் யூடியூப் பாடங்கள் நிறைய உண்டு, நல்லதும் சொத்தையும் கலந்தே இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்த ஒருவருக்கு, அவர் எடுத்த படத்தைப் பற்றித் தமிழிலேயே பேசித் திருத்தும் ஆசிரியர் அஞ்சல்வழியில் கிடைத்தால், அதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

அப்படியானால் சேருவதற்கு முன் கேட்க வேண்டியது சிலபஸ் அல்ல. எத்தனை படம் நான் அனுப்பலாம், பார்ப்பவர் பெயர் என்ன, அவர் எடுத்த படங்களை எங்கே பார்க்கலாம், எத்தனை நாளில் பதில் வரும், பதில் எழுத்தா குரலா, திருத்தி மறுபடி எடுத்து அனுப்பினால் மீண்டும் பார்ப்பாரா என்று கேட்க வேண்டும். நேர்மையான இடமென்றால் பணம் வாங்குமுன் இரண்டு மூன்று படங்களையாவது பார்த்துச் சொல்லத் தயங்காது.

என்ன படம் அனுப்புவது? அதற்குச் செவ்வாய்ப்பேட்டையைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். வெள்ளைத் தாளின் மேல் வைத்த கொலுசு ஒன்று. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். அதனால் வெள்ளைத் தாள் அழுக்காக வரும். காலை நேர வெல்ல மண்டியில் அடுக்கிய வெல்லம் இன்னொன்று. அதே மீட்டர் இங்கே கரும்பழுப்பை வெளிற வைத்துவிடும். மூன்றாவது, ஆடித் திருவிழாவில் அதே சேலத்தின் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை: இரவு, நகரும் வண்டி, சாமி வேடமிட்டவர்களின் முகத்தில் கலர் கலராக விளக்கு. மூன்றையும் பார்த்துவிட்டு, "அருமை, இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று மட்டும் பதில் வந்தால் அங்கே பணம் கட்ட வேண்டாம். "முதல் படத்தில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், இரண்டாவதில் குறையுங்கள், மூன்றாவதில் ஷட்டர் போதவில்லை, வண்டி திரும்பும் இடத்தில் நின்றிருந்தால் வேகம் குறைந்திருக்கும்" என்று ஒருவர் எழுதினால், அவர் கேட்கும் கட்டணம் நியாயமானது.

கொலுசு படம் மட்டும் எடுத்தால் போதும் என்கிற பட்டறைக்காரருக்கு எந்தக் கோர்ஸும் வேண்டாம். வெள்ளியின் மேல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. வெள்ளி பார்ப்பதற்கு நல்ல பொருளை அதன் எதிரே வைக்க வேண்டும். சுற்றிலும் டிரேசிங் பேப்பர் கட்டி, அதற்கு வெளியே லைட்டை வைத்தால் கொலுசு முழுவதும் ஒரே சீரான வெள்ளையைக் காட்டும். அப்படியே விட்டால் தட்டையாகத் தெரியும் என்பதால், பக்கவாட்டில் கறுப்பு அட்டைத் துண்டுகளை வைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஓரம் பிரிக்க வேண்டும். ஃபில் ஹன்டர் குழுவினர் எழுதிய 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்' என்ற நூல் 1990 முதல் இதைத்தான் விளக்கிவருகிறது. ஒரு தெர்மாகோல் பெட்டி, ஸ்டேஷனரிக் கடைச் சாமான், இரண்டு எல்இடி பல்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. செலவு அவ்வளவுதான்.

கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்க நினைப்பவர் வேறு வழி போக வேண்டும். அவருக்கு ஒரு முகூர்த்த சீசன் முழுவதும் நல்ல ஸ்டுடியோவில் லைட் பிடிப்பது எந்த டிப்ளமோவையும்விட உயர்ந்தது. தாலி கட்டும் நொடியில் எங்கே நிற்பது, உறவுக்கூட்டத்தை எப்படி விலக்குவது, ஐயரிடம் எப்படிச் சொல்லிவைப்பது, பெண்ணின் அம்மா அழும்போது கேமராவைத் தூக்குவதா இறக்குவதா என்பதைத் தபாலில் யாரும் அனுப்ப முடியாது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த காட்டுயிர்ப் போட்டோகிராபர் டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற குருவின் கூடவே நடந்து கற்றவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இன்னொரு வகை. பல கேமராக்களின் உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தன் கேமராவைத் தானே கட்டிக்கொண்டு, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் பிடித்தார். மதுரையின் எம். பழனிக்குமார் இன்ஜினியரிங் படித்தவர். மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்வைப் படமெடுத்துப் பெயர்பெற்று, இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கேமராவைக் கற்றுக்கொடுக்கிறார். மூவருமே படத்துக்கான பொருளோடு நெருங்கிப் பழகியவர்கள். யாருடைய பெயரும் டிப்ளமோவால் தெரியவரவில்லை.

கூட நடக்க குரு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே போய் ஸ்டுடியோவில் லைட் பிடிக்க முடியாத பெண்கள், இரவு ஷிப்ட் வேலைக்காரர்கள், உள்ளூர் ஸ்டுடியோவில் தொழில் ரகசியம் சொல்லித்தர மறுக்கப்பட்டவர்கள். அஞ்சல்வழிப் படிப்பு அவர்களுக்காகவே இருக்க வேண்டியது. அவர்கள் கட்டும் காசுக்குத்தான் பதில் சொல்லும் ஆசிரியர் மிகவும் தேவை.

சான்றிதழைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார், சான்றிதழைப் பார்த்து அல்ல. அரசு அங்கீகாரமுள்ள தாள்தான் வேண்டுமென்றால், ஐடிஐ பயிற்சிப் பட்டியலில் 'டிஜிட்டல் போட்டோகிராபர்' என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. ஒளிப்பதிவுக்குச் சென்னைத் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. தங்கிப் படிக்க வசதி உள்ளவருக்கு ஊட்டி லவ்டேலில் 2001 முதல் லைட் அண்ட் லைஃப் அகாடமி இயங்குகிறது. தனியார் அஞ்சல் டிப்ளமோ இவற்றுக்கு ஈடாகாது.

கட்டணத்தோடு வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ரூ.15,000 கோர்ஸ் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் ரூ.2,700. அந்த மொத்தத் தொகைக்கு ஒரு நல்ல லென்ஸே வாங்கிவிடலாம்.

சேருவது என்று முடிவான பிறகு விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது; ரசீதில் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கோச்சிங் நிறுவனங்களின் சேவைக் குறைபாடு நுகர்வோர் மன்றத்தின் வரம்புக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு அது சேலம் மாவட்ட ஆணையம். கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம்.