உலையில் குறையும் அரிசி: விபத்து மரண இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால் இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று, வண்டி ஓட்டியவரைத் தண்டிக்கச் சொல்லிப் போலீஸ் நடத்துவது. மற்றொன்று, இழப்பீடு கேட்டுக் குடும்பம் தொடுப்பது. இரண்டாவது வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். நம்மூர் நீதிமன்ற வளாகங்களில் அந்த வழக்கை ‘எம்.சி.ஓ.பி.’ என்பார்கள். போலீஸ் வழக்கில் குற்றத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கிலோ, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். ஆகவே ஓட்டுநர் அங்கே விடுதலையானாலும் இங்கே குடும்பம் ஜெயிக்கலாம்.

இந்த உரிமை எப்போதும் இருந்ததல்ல. 1808-இல் இங்கிலாந்தில், குதிரைவண்டி கவிழ்ந்து மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் வழக்குப் போட்டார். மனித மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டமாகச் சொல்லி முறையிட முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ. காயப்படுத்தியவன் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டால் வேண்டாம் என்ற விசித்திர நிலை அது. ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு, 1846-இல், கேம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம் அதை மாற்றியது. அதையொட்டி இந்தியாவுக்கு 1855-இல் உயிரிழப்பு விபத்துகள் சட்டம் வந்தது. இன்று சாலை விபத்துகளுக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது.

சட்டம் இங்கே உயிருக்கு விலை பேசுவதில்லை. அந்த வீட்டு உலையில் எவ்வளவு அரிசி குறைந்தது என்றுதான் அளக்கிறது. ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து அளந்து பார்ப்போம். இறந்தவருக்கு 35 வயது. லேத் பட்டறை வைத்திருந்தார். மாத வருமானம் 20,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வரும் அவரை நம்பி இருந்தார்கள்.

வந்த அரிசி

முதலில், மாதாமாதம் வீட்டுக்கு எவ்வளவு அரிசி வந்தது? சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிப் புத்தகம் இவற்றைப் பார்ப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால் ‘வருமானமே இல்லை’ என்று தீர்ப்பாயம் கைகழுவ முடியாது. தொழிலையும் அந்தக் காலத்துக் கூலி நிலவரத்தையும் பார்த்து ஒரு தொகையை அனுமானிக்கும். விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், ஆவணம் கேட்காமலேயே மாதம் 6,500 ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

வந்திருக்கக்கூடிய அரிசி

35 வயதுக்காரர் கடைசிவரை அதே 20,000-லேயே நின்றிருக்க மாட்டார். 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதற்கு அளவு சொன்னது. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10 சதவீதம் கூட்ட வேண்டும். நிரந்தர வேலை என்றால் 50, 30, 15. நம் லேத்காரருக்கு 20,000 என்பது 28,000 ஆகிறது.

அவருடைய தட்டு

வந்த அரிசி முழுவதையும் மற்றவர்களா சாப்பிட்டார்கள்? அவரும் சாப்பிட்டார், உடுத்தினார், பஸ்ஸுக்குக் கொடுத்தார். அந்தப் பங்கைக் கழித்தால்தான் குடும்பத்தின் இழப்பு தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சோற்றை நிறுத்துப் பார்க்க முடியாதல்லவா? அதனால் 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கைக்கணக்கு கொடுத்தது. நம்பியிருப்பவர்கள் இரண்டு, மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழியும்; நாலு முதல் ஆறு பேர் என்றால் நாலில் ஒரு பங்கு; அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. கல்யாணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. இங்கே நால்வர். 28,000-இல் 7,000 போக, மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000.

எத்தனை ஆண்டு உலை?

இனி எத்தனை ஆண்டால் பெருக்குவது? 60 வயதுவரை உழைத்திருப்பார், ஆகவே 25 என்று தோன்றும். ஆனால் சர்லா வர்மா அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16தான். 15 முதல் 25 வரை 18. அங்கிருந்து இறங்கி 65-ஐத் தாண்டினால் 5. அரிசி உவமை இந்த இடத்தில் உதவாது. மூட்டையில் கட்டிவைத்த அரிசி பெருகாது, ஆனால் மொத்தமாகக் கையில் வரும் பணத்துக்கு வங்கியில் வட்டி வரும். பெருக்கெண்ணைக் குறைப்பது அதற்காகத்தான். வாழ்க்கையின் நிச்சயமின்மைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 2,52,000-ஐ 16-ஆல் பெருக்கினால் 40,32,000.

உலையில் சேராதவை

கணவனின் துணையை இழந்த மனைவிக்கும், அப்பாவை இழந்த பிள்ளைக்கும், மகனை இழந்த தாய்க்கும் நேர்ந்ததை அரிசியால் அளக்க முடியாது. சட்டம் இதற்குக் கணக்குப் போடாமல் நிலையான தொகையை வைத்திருக்கிறது. துணை இழப்புக்கு 40,000; இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தில் நேரும் இழப்புக்கு 15,000; ஈமச்சடங்குக்கு 15,000. இவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். துணை இழப்பு மனைவிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அடிப்படைத் தொகையை மட்டும் எடுத்தால் நால்வருக்கு 1,60,000. மற்ற இரண்டும் 30,000. மொத்தம் 42,22,000 ரூபாய்.

இறந்தவர் மீதும் 20 சதவீதம் தவறு என்று தீர்ப்பாயம் கண்டால், இதில் 8,44,400 கழிந்து 33,77,600 கிடைக்கும். பணம் கட்ட வேண்டிய காப்பீட்டு நிறுவனம் இப்படி ஒரு பங்கைக் கழிக்கச் சொல்லி வாதாடும். எதிர் வண்டிமேல் தவறை நிரூபிக்கவே வழியில்லையென்றால், தவறு யாருடையது என்று பார்க்காமல் 5 லட்சம் தரும் 164-ஆம் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம்.

சமைத்தவர் இறந்தால்?

இதுவரை அரிசி வாங்கி வந்தவரின் கணக்கைப் பார்த்தோம். அதை வடித்து இறக்கியவர் இறந்தால்? சம்பளச் சீட்டு இல்லாத அந்த உழைப்புக்கு முதல் படியிலேயே பூஜ்யம் விழும் அபாயம் உண்டு. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து தொடர்பான லதா வாத்வா வழக்கில், இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பு என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் ஒரு படி மேலே போய், இல்லத்தரசிக்கும் அனுமான வருமானம் கணக்கிட்டு, எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்றது. வீட்டு வேலைக்கு மதிப்புப் போடுவது குடும்பத்துக்குச் செய்யும் உதவியல்ல. அந்த உழைப்பை ஏற்றுக்கொள்வது. இருந்தாலும் தொகை எவ்வளவு என்பது இன்னும் வழக்குக்கு வழக்கு மாறுகிறது. இந்த அளவுகோலின் பெரிய ஓட்டை இதுதான்.

பணம் வரும் வழி

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே பணம் கட்டும். ஓட்டுநரிடம் உரிமம் இல்லையென்றால், முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடுவதும் உண்டு. மனுவில் கேட்டதைவிடக் கூடுதலாகவும் தீர்ப்பாயம் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளின் பங்கு வைப்புத்தொகையாக வங்கியில் போடப்படும்.

விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் காலவரம்பு சட்டத்தில் சேர்ந்திருக்கிறது; தள்ளிப்போட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், வயதுக்கும் வருமானத்துக்கும் ஆதாரம் இவற்றைச் சேர்த்து வையுங்கள். வழக்கு நடக்கும்போது லோக் அதாலத்தில் சமரசத்துக்கு அழைப்பார்கள். அது சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் வருமானம், உயர்வு, கழிவு, பெருக்கெண் என்று வரிசையாக எழுதிப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவர்கள் சொல்லும் தொகை கூடுதலா குறைவா என்று தெரியும்.