சிலேட்டைக் கொடு, சிந்தை மலரும்!

காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டிலே எழுதினார், முழங்கையால் அழித்தார், மீண்டும் எழுதினார். நம் கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கரின் மகன் இராமானுசம்தான் அவர்! பிற பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1914இல் கேம்பிரிட்ஜ் அழைத்தது, உலகம் வியந்தது.

அதே கேம்பிரிட்ஜில் 2012இல் பிறந்தது ராஸ்பெரி பை. உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகை. அதுவே முழுக் கணினி! அன்று விலை 35 டாலர். 2016இல் பிரிட்டனிலே, மைக்ரோபிட் என்னும் இன்னும் சிறிய பலகை ஏறத்தாழப் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. 25 விளக்குகள், இரண்டு பொத்தான்கள். பிள்ளை கட்டளை எழுதுகிறது, பலகை பணிகிறது!

‘இலவசமா? வீண் செலவு!’ என்பர் சிலர். 2011இல் தமிழக மாணவர் கைக்கு மடிக்கணினி வந்தபோதும் அப்படித்தான் நகைத்தனர். கேட்கிறோம், தோழர்களே: உழவனுக்கு விதைநெல் தருவது பிச்சையா? பிள்ளைக்குச் சிலேட்டுத் தருவது தானமா?

மூளைக்கு இங்கே பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ செயலியின் வரைவை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். பஞ்சம், ஏழைப் பிள்ளையின் கையில் கருவி இல்லாததுதான்!

காவிரி வாய்க்காலில் நீர்மட்டம் காட்டும் கருவியை, அந்த வயலில் நாற்று நட்டவளின் மகனே செய்யட்டும். பலகையைக் கொடுங்கள். எழுதட்டும், அழிக்கட்டும், மீண்டும் எழுதட்டும்!